தரகன் கண்ணடித்தால்

நிலத் தரகனுக்கு முதல் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஓடுகிற ஒரு பைக், சார்ஜ் நிற்கிற ஒரு போன், பார்த்தால் நம்பத் தோன்றுகிற ஒரு முகம் போதும். முதல் இரண்டும் பழுதானால் காரைக்கால் கடைத்தெருவில் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கிறான். மூன்றாவது பழுதானால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கண் துடிக்கிறவர்களே, வாய் ஒரு பக்கமாக இழுக்கிறவர்களே, "என்னைப் பார்த்து ஏன்டா கண்ணடிச்சே" என்று பஸ்ஸில் அடி வாங்கப் பார்த்தவர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. நான் ஒன்பதாம் வகுப்பு ஃபெயில். லாரி கிளீனர், உர மூட்டை சுமை, பழைய சாக்கு வியாபாரம் என்று எல்லாவற்றிலும் அடிபட்டு, ஏமாந்து, நாலு பேரோடு சண்டை போட்டு, வயலும் மனையும் பேசி முடிக்கிற தரகனாக நிமிர்ந்தவன். மாணிக்கம் கோபக்காரன், ஆனால் பேசினால் பேசினதுதான் என்று பெயர் வாங்க எனக்கு இருபது வருஷம் ஆனது. அந்தப் பெயரைக் கெடுக்க என் இடது கண்ணுக்கு இரண்டே மாதம் போதுமாக இருந்தது. முதலில் கீழ் இமையில் ஒரு சின்னத் துடிப்பு. பிறகு கண் முழுசாகச் சுருங்கி மூடும், கூடவே இடது வாயோரம் மேலே ஏறும். வேண்டுமென்றே கண்ணடித்துச் சிரிப்பவன் எப்படி இருப்பானோ, அப்படியே இருக்கும்.

வில்லங்கம் சுத்தம்

நெடுங்காட்டுப் பக்கம் ஒரு மனை. வாங்க வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார், கூட அவர் மனைவி. தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் வேப்பமர நிழலில் பைக் சீட்டின் மேல் பரப்பி வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான மனை நாலைந்துதான் பார்த்திருப்பேன். "சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், ஒரு வில்லங்கமும் கிடையாது" என்றேன். சொல்லி முடிக்கவும் என் இடது கண் மூடிக்கொண்டது. வாய் ஓரம் ஏறியது.

வாத்தியார் கையிலிருந்த பத்திரத்தைத் தூரமாகப் பிடித்துக்கொண்டார். நான் பதறிப்போய், "சத்தியமாங்க, கோர்ட்டு கேஸ் எதுவும் இல்ல" என்றேன். மறுபடியும் ஒரு கண்ணடிப்பு, இந்தத் தடவை இன்னும் அழுத்தமாக. அந்த அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்: "ஏங்க, பாவம் அவரு ஒவ்வொரு பொய்க்கும் கண்ணடிச்சுக் காட்டிக்கிட்டே இருக்காரு, நீங்க புரிஞ்சுக்காம கேட்டுக்கிட்டே நிக்கிறீங்களே!"

ஏற்றிக்கொண்டே போனவர்

எங்கள் தொழிலில் கண்ணுக்கு ஒரு பாஷை உண்டு. வாங்குகிறவன் மடங்கி வரும் நேரம், தரகன் விற்கிறவனைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினால், "பிடியை விடாதே" என்று அர்த்தம். நான் அந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால் விழிதியூர் கலியமூர்த்திக்கு அது தெரியாதே.

அவருடைய இரண்டு மா வயலுக்குப் பேச்சு நடந்தது; எங்கள் பக்கம் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். வாங்குகிறவர் நல்ல மனிதர், ஒரு தடவை ஏறினார், இரண்டாம் தடவையும் ஏறினார். முடிகிற இடத்தில் கலியமூர்த்தி திடீரென்று "இல்லீங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்றார். அதுவும் ஏறியது. மறுபடியும் "இன்னும் கொஞ்சம்" என்றார். வாங்க வந்தவர் காறித் துப்பாத குறையாக எழுந்து போனார். பேரம் உடைந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கலியமூர்த்தியை வரப்பிலேயே நிறுத்தி வைத்துக் கத்தினேன். "பேராசை புடிச்சவரே, கை நனைக்கிற நேரத்துல கவுத்துட்டியளே!" அவர் என்னைவிட நொந்து போயிருந்தார். அழுகிற குரலில் சொன்னார்: "நீங்கதானே அண்ணே கண்ணக் காட்டிக்கிட்டே இருந்தீங்க, அதான் நானும் ஏத்திக்கிட்டே இருந்தேன்."

நள்ளாறும் நாகூரும்

ஆணுக்கு இடது கண் துடித்தால் ஆகாது என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை என்னிடம் சொல்லாமல் ஒருத்தராலும் தூங்க முடியவில்லை. என் மனைவி சாந்தி சனிக்கிழமை தோறும் என்னைத் திருநள்ளாற்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊர் ஊராக பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்கிறவர்களோடு நானும் நின்று எள் தீபம் போட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சேலத்துக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பெண்டாட்டியை அந்தப் பக்கம் மாற்றி நிறுத்திக்கொண்டார்.

கூடத் தரகு பார்க்கும் பஷீர் பாய் என்னை நாகூருக்குக் கூட்டிப் போய் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். முகத்தில் தெளித்துக்கொண்டேன், குளிர்ச்சியாக இருந்தது. திரும்பி வரும் வழியில் வாஞ்சூரில் டீ குடித்தோம். பாய் என் முகத்தை அஞ்சு நிமிஷம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கடைசியில் கிளாஸைக் கீழே வைத்தார்: "ஏம்ப்பா மாணிக்கம், இன்ஷா அல்லாஹ் சரியாப் போயிரும், இருந்தாலும் ஒரு டாக்டரையும் பாத்துருய்யா, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ரோட்டில் காய்ந்த நெல்

பாய் சொல்லியும் நான் போகவில்லை. ஊசி என்றால் எனக்கு ஆகாது. அறுப்பு முடிந்த சமயம், பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. உச்சி வெயில். வெயில் பட்டால் துடிப்பு ஜாஸ்தியாகும். பைக்கில் வரும்போது இடது கண் இறுக மூடியது, திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒரு கண்ணால் சமாளிக்கலாம் என்று நினைத்த அடுத்த நொடி, பைக்கோடு சேர்ந்து நெல்லுக்குள் படுத்திருந்தேன். அடி பெரிசில்லை. சட்டைக்குள், காதுக்குள், எல்லா இடத்திலும் நெல்.

நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தது. தூக்கிவிடத்தான் வருகிறது என்று கையை நீட்டினேன். அது முதலில் சிதறிய நெல்லை விளக்குமாற்றால் கூட்டிச் சேர்த்தது. பிறகுதான் என்னைப் பார்த்தது. பார்த்த நேரத்தில் என் கண் ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான், விளக்குமாறு உயர்ந்தது: "விழுந்து கெடக்கையில கூடக் கண்ணடிக்கிறியே, எந்த ஊருய்யா நீ?"

மொத்தமாகப் போட்டால்

நெல்லில் விழுந்த கதை கேட்ட சாந்தி என்னை விடவில்லை, பாண்டிச்சேரியில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். ஸ்கேன் எடுக்க வைத்து, பார்த்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார். மண்டைக்குள் ஒரு ரத்தக்குழாய் முகத்து நரம்பின் மேல் உராய்கிறதாம். அதனால் நரம்பு சும்மா சும்மா உத்தரவு போட, தசை சும்மா சும்மா இழுக்கிறதாம். சனியும் இல்லை, செய்வினையும் இல்லை. போட்டுலினம் என்று ஒரு மருந்தைக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் சின்னச் சின்னதாகக் குத்தினால் தசை அடங்கும். "சினிமாக்காரங்க சுருக்கம் தெரியாம இருக்கப் போட்டுக்கறாங்களே, அதேதான்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அது ஒரு கிருமியின் விஷத்திலிருந்து எடுப்பது என்று நர்ஸ் சொன்னதும் பெருமை இறங்கிவிட்டது.

மருந்து மூன்று, நாலு மாதம்தான் நிற்கும், மறுபடி மறுபடி போட வேண்டும் என்றார். எனக்குப் பழக்க தோஷம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். "டாக்டரம்மா, அடிக்கடி வந்து போறது ரெண்டு பேருக்கும் தொந்தரவு. ஒரு வருஷத்துக்கு உண்டானதை மொத்தமா இன்னிக்கே போட்டு விட்டுடுங்க, முடிச்சுக்குவோம்." அவர் சிரிக்கவே இல்லை. சாந்தியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: "மொத்தமா போட்டா இவருக்குக் கண்ணும் மூடாது, வாயும் மூடாது, எப்படிம்மா, சரிதானா?"

முக்கால் கிளாஸ்

ஊசி வேலை செய்தது. ஒரு வாரத்தில் முகம் அமைதியானது. ஆனால் கன்னத்தில் போட்டது ஒரு துளி தூக்கலாகிவிட்டது போல. முதல் ஒரு மாதம் டீ குடித்தால் இடது வாயோரம் ஒழுகும். பேச்சுவார்த்தை நடுவில், வெள்ளைச் சட்டையில், மார்பு வரை கோடு. கைக்குட்டையால் துடைத்தபடி நிலத்தைப் பற்றிப் பேசுவேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் கேட்காமலே குறைத்து ஊற்றினார்: "சட்டைக்கும் சேத்து நான் ஏன் ஊத்தணும், நீங்க குடிக்கிற அளவு முக்கால்தான் அண்ணே."

பத்து மணிக்கே

இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது. எங்கள் வயலில் குறுவை, சம்பா மாதிரி எனக்கும் பருவம் வந்துவிட்டது. ஊசி போட்ட இரண்டாம் வாரத்திலிருந்து பெரிய பேரம். மருந்து தீருகிற மாதத்தில் வெறும் வரி ரசீது வேலை. பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தபோது மேல் இமை தொங்க ஆரம்பித்தது. வருஷக்கணக்காக இழுத்து இழுத்து, தூக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துபோய், மேலே தோலும் மடிந்து விழுந்து, இடது கண் பாதிதான் தெரியும். வலது கண்ணிலும் தோல் இறங்கிவிட்டது. இப்போது கண் துடிக்காவிட்டாலும் தூங்கி வழிகிறவன் முகம்.

எங்கள் ஊருக்கு எல்லை தாண்டி எதற்கு ஆட்கள் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஊரில் காலையில் அரைக் கண்ணோடு நிற்கிறவனை உலகம் என்னவென்று நினைக்கும்? கும்பகோணத்திலிருந்து மனை பார்க்க வந்த ஒருவர் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி என்னைப் பார்த்தார். நான் வேட்டியை மடித்துக்கொண்டு, "நான் சொட்டுக்கூடத் தொட்டதில்லைய்யா!" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டது இன்னும் சாட்சியாகப் போய்விட்டது. அவர் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "காரைக்காலுக்கு வந்துட்டுப் போறப்ப நாங்கதான் இப்படி இருப்போம், நீங்க பத்து மணிக்கேவா?"

அந்த வருஷம் ஆறு மாதத்தில் ஒரு பத்திரம்கூட என் கையால் முடியவில்லை. செல்போன் கடை வைத்திருக்கும் மருமகன் வீட்டுக்கு வந்தார். பாசத்தோடுதான் சொன்னார். ஆனால் அது என் நெஞ்சில் பாறாங்கல்லாக இறங்கியது: "வெயில்ல அலையாதீங்க மாமா, நம்ம கடையில ஃபேனுக்குக் கீழ ஒரு சேர் போட்டுடறேன், சும்மா உக்காந்திருங்க போதும்."

பாதி வீட்டுக்கு வெள்ளை

சும்மா உட்காருவதா? மறுநாளே பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்து, அளந்து பார்த்து, படம் எடுத்தார். இமை ஆபரேஷன் செய்யலாம்; தொங்கும் தோலை எடுத்துவிட்டு, தளர்ந்த தசையை இழுத்துத் தைப்பது. "அப்ப இனிமே ஊசி வேண்டாமே?" என்றேன். "அங்கதான் தப்பு பண்றீங்க" என்றார். ஆபரேஷன் துடிப்பை நிறுத்தாது. ஊசி தொங்கலைத் தூக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் முகம். துடிக்கிற இமையில் தையல் போட்டால் தையல் இழுபடும், அதனால் தசையை ஊசியால் அடக்கி வைத்துக்கொண்டு தைத்தால் புண்ணும் நிம்மதியாக ஆறும். "என் கணக்குப்படி உங்களுக்கு ரெண்டும் ஒரே சமயத்துல" என்றார்.

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் நியாயமான விலைக்கும் ஒரு தடவை பேசிப் பார்க்காவிட்டால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. "வியாதி இடது பக்கம். வலது கண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? அதுல எதுக்குக் கத்தி? அதக் கழிச்சுடுங்க" என்றேன். ஒன்றைத் தூக்கினால் மற்றது இன்னும் இறங்கித் தெரியும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும், புருவ நடுவிலும் இரண்டு பக்கமும் ஊசி வரும் என்றெல்லாம் விளக்கினார். நான் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும், "வலது கண்ண மட்டும் கழிச்சுடுங்க" என்றேன். பேனாவை மூடி வைத்தார்: "நீங்க விக்கிற வீட்டுக்குப் பாதி மட்டும் வெள்ளை அடிச்சுட்டு ஆளக் கூட்டிட்டு வருவீங்களாய்யா?"

அரை மில்லிமீட்டர்

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போக மட்டும் ஊசி. ஏன் என்றால், நடுவில் நான் கண்ணைத் திறந்து காட்ட வேண்டும். எழுப்பி உட்கார வைத்தார்கள். "நேராப் பாருங்க" என்றார். பார்த்தேன். உலகம் திடீரென்று அகலமாகத் தெரிந்தது. எத்தனையோ நாளாக நான் பார்க்காத மேல்பாதி. விளக்கு, சுவர்க்கடிகாரம், டாக்டரம்மாவின் நெற்றியில் வியர்வை. இவ்வளவு நாள் பாதியைப் பார்த்துத்தான் ஊரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

"இந்த உயரம் போதும்" என்றார் அவர். நான் விடுவேனா? "இன்னும் ஒரு மில்லிமீட்டர் தூக்குங்க டாக்டரம்மா." "கூடாது, கண்ணு மூடாமப் போயிடும்." "அப்ப அரை குடுங்க." நர்ஸ் முகமூடிக்குள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "கால்?" என்றேன். டாக்டரம்மா என் தலையை மெதுவாகப் பிடித்துப் படுக்க வைத்தார்: "ஐயா, நான் உங்க கண்ண விக்க வரல, தைக்க வந்திருக்கேன்; கொஞ்சம் வாய மூடிக்கிட்டுக் கண்ணத் தொறங்க."

மதியத் தூக்கம்

தையல் பிரித்த பின்னும் கொஞ்ச நாள் இமை முழுசாக மூடாது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் இரண்டும் அரைக்கால் திறந்தபடி. சாந்தி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் குறட்டை விட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. என்னை உலுக்கி எழுப்பினாள். கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத குரல்: "அரை மணி நேரமா உங்க அக்காவப் பத்தி மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன், நீங்களும் எதுத்துப் பேசாம பாத்துக்கிட்டே இருந்தீங்க, மனுஷன் திருந்திட்டாருன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!"

ஏழு தென்னை

வீக்கம் வடிந்தது. சாந்தியோடு ஒரு உடன்படிக்கை. இன்னும் ஒரே ஒரு பேரம். அதுவும் முடியாமல் போனால் திங்கட்கிழமை முதல் மருமகன் கடை, ஃபேன், சேர். சுரக்குடியில் அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தமான நாலு மா வயல். வாங்க வந்தவர் ஒரு காலேஜ் வாத்தியார். விலை படிந்துவிட்டது. அட்வான்ஸ் கைமாறுகிற நேரம் தம்பி எழுந்து, "வரப்புல ஏழு தென்னை இருக்கு, அது நிலத்துல சேராது, அதுக்குத் தனி விலை" என்றான். வாத்தியார் முகம் கறுத்தது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். என் திங்கட்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

இந்த மாதிரி இடத்தில் நான் பேச மாட்டேன். புருவத்தை நெரித்து, கண்ணைச் சுருக்கி ஒரு முறைப்பு முறைப்பேன். எப்பேர்ப்பட்டவனும் ஒன்று இறங்குவான், இல்லை சட்டையைப் பிடிப்பான். பாதிக்குப் பாதி சண்டையில்தான் முடியும். அன்றைக்கும் உடம்பு முழுக்க ரத்தம் கொதிக்க, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து முறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. புருவ நடுவில் ஊசி, அசையவில்லை. இமை இரண்டும் அகலத் திறந்து நிற்கிறது. நான் முறைக்கிறேன், முகமோ "சொல்லுப்பா, கேக்கறேன்" என்கிறது. இன்னும் முறைத்தேன். இன்னும் சாந்தமாக இருந்தேன் போலிருக்கிறது. தம்பிதான் நெளிந்தான். மண்ணைப் பார்த்தான், தென்னையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "சரி... வரப்போட சேந்ததுதானே மரமும்" என்று அவனே உட்கார்ந்தான். அட்வான்ஸ் கை மாறியது. அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் தம்பிகிட்ட கோவப்படாமப் பேசி முடிச்ச முத ஆளு நீங்கதாங்க, இந்தப் பொறுமைய எங்க கத்துக்கிட்டீங்க?"

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு நல்ல முறைப்பு வீணாய்ப் போனதே என்று எனக்கு உள்ளூர ஆதங்கம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு காலண்டரை எடுத்து வந்து மாதங்களை விரலால் எண்ணினாள்: "மருந்து தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே டாக்டரம்மாகிட்ட தேதி வாங்கிடுங்க, எனக்கு இந்த மனுஷனே போதும்."

ஐம்பது வருஷம் அடிபட்டும் கற்றுக்கொள்ளாத பொறுமையை நாலு மாதத்துக்கு ஒரு தடவை ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்து தொழில் பார்க்கிற தரகன், எனக்குத் தெரிந்து இந்தக் காரைக்காலில் நான் ஒருத்தன்தான்.